முதல் வரியில் முன் பிரேக்



மாடிப்படிக்கு அடியிலோ வீட்டுக் கொல்லையிலோ தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய வண்டி நம்மில் பலர் வீட்டில் நிற்கிறது. அப்பா ஓட்டிய புல்லட், மாமா வைத்திருந்த யெஸ்டி, சித்தப்பா கல்லூரிக்குப் போய் வந்த ஆர்எக்ஸ் 100. "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, கொடுத்துடலாமே" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பேச்சு வரும். ஆனால் யாருக்கும் மனசு வராது. பிறகு வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், "அப்பா வண்டியை ரெடி பண்ணலாம்" என்று ஒரு நாள் முடிவாகிவிடும்.

மிக நல்ல முடிவு. பழைய வண்டி மறுபடி உயிர் பெற்று வாசலில் நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

அடுத்து பட்டறைக்குப் போவோம். மெக்கானிக் ஒரு தாளில் எஸ்டிமேட் எழுதுவார். இன்ஜின் வேலை, டேங்க் பெயின்ட், குரோம், சீட், வயரிங், சைலன்சர் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். பிரேக் எங்கே இருக்கும்? பெரும்பாலும் கடைசி வரியில், "பிரேக் ஷூ புதுசு" என்ற இரண்டு மூன்று சொற்களில். பணம் இழுபறியானால் முதலில் அடிபடுவதும் அந்த வரிதான். "வண்டி ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்போம்.

இந்த மாதம் உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. அந்தத் தாளின் முதல் வரியில் முன் பிரேக்கை எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

வண்டி அதே வண்டி, சாலை?

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரோடு ஒட்டிய வண்டி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் உருவானது. அடிப்படை வடிவமைப்பு 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு அது பெரிதாக மாறாமலே நம் சாலைகளில் ஓடியது.

அந்தக் காலச் சாலையை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு அம்பாசடர், ஓரத்தில் மாட்டு வண்டி. புல்லட்டின் டிரம் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும் என்றாலும், முன்னால் போன வண்டிகளும் ஏறக்குறைய அதே அளவு மெதுவாகத்தான் நின்றன. எல்லோரும் ஒரே தாளத்தில் ஓட்டினார்கள்.

இன்று? 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள வண்டிகளிலும் முன் பின் பிரேக்குகள் சேர்ந்து இயங்கும் அமைப்பாவது இருக்க வேண்டும். கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பைபாஸில் உங்களுக்கு முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கும். பின்னால் வரும் பழைய புல்லட்டுக்கு அந்தத் தாளம் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்ணால் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் கழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலை தொடங்கும்.

ஓரளவு நன்றாகப் பிடிக்கும் பிரேக், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய பிரேக் இருந்தால், அந்த வண்டி அடுத்த 28 மீட்டரில் நின்றுவிடும். லைனிங் தேய்ந்து, கேபிள் தளர்ந்து, அந்தத் திறன் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்காக இறங்கிவிட்டால் 47 மீட்டர் வேண்டும்.

வித்தியாசம் 19 மீட்டர்தானே என்று தோன்றலாம். இப்படிப் பாருங்கள்: நல்ல பிரேக் உள்ள வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தை, தளர்ந்த பிரேக் உள்ள வண்டி மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாலையைக் கடந்தால்?

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. 30இல் போகும்போது "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்ல வைக்கும் அதே வண்டி, 60இல் நம்மைக் கைவிடுவது இதனால்தான். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து பிரேக்கை மதிப்பிடுவது போதாது.

முன் பிரேக் என்றால் ஏன் இத்தனை பயம்?

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தலைகுப்புறத் தூக்கிப் போட்டுடும்." சைக்கிள் ஓட்டக் கற்ற நாளிலிருந்து நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அறிவுரை இது. நம் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொன்னார்கள். மணலில், திரும்பும்போது, பதற்றத்தில் ஒரேயடியாக முன் பிரேக்கை இறுக்கினால் விழத்தான் செய்வோம்.

ஆனால் அதற்காக முன் பிரேக்கையே மறந்துவிட முடியுமா? வண்டி நிற்க முயலும்போது அதன் பாரம் முன் சக்கரத்துக்கு இறங்குகிறது. முன் ஃபோர்க் அமுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தில் எவ்வளவு பிரேக் போட்டாலும் அது பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர, வண்டியை நிறுத்தாது. நல்ல தார்ச் சாலையில் அவசரமாக நிறுத்தும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேலையைச் செய்வது முன் பிரேக்தான்.

பழைய வண்டிகளில் இந்த பயம் இன்னொரு தீங்கையும் செய்தது. முன் பிரேக்கை யாரும் பெரிதாகப் பயன்படுத்தாததால், அது பழுதானபோதும் யாரும் கவனிக்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் வண்டியின் முன் பிரேக், வண்டி ஓரம் கட்டப்படுவதற்குப் பல வருஷம் முன்பே செயலிழந்திருக்கக்கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மெக்கானிக்கிடம் தெளிவாகப் பேச, கொஞ்சம் விஷயம் தெரிந்திருப்பது நல்லது. டிரம்முக்குள் அரைவட்ட வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. லிவரைப் பிடித்தால் கேபிள் இழுபடும், கேம் திரும்பும், ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும்.

இரண்டு ஷூவும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சக்கரம் சுழலும் திசையை எதிர்கொண்டு விரியும் ஷூவை டிரம்மே இன்னும் இறுக்கமாக இழுத்துக்கொள்ளும். கதவுக்கு அடியில் செருகிய மரத்துண்டு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதைப் போல. இதற்கு லீடிங் ஷூ என்று பெயர். மற்றொன்றை டிரம் உள்நோக்கித் தள்ளிவிடப் பார்க்கும். அதன் பிடி குறைவு.

பழைய 350 புல்லட்டுகளில் முன்பக்கம் இருந்தது ஒரே ஒரு லீடிங் ஷூ உள்ள பிரேக். அதாவது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையில் ஒருவர்தான் முழு பலத்தோடு இறங்குகிறார். பிற்காலத்தில் 500 மாடல்களில் 7 அங்குல ட்வின் லீடிங் ஷூ வந்தது. அதில் இரண்டு கேம். இரண்டு ஷூவும் டிரம்மோடு சேர்ந்து இறுகும். அதற்கும் பிறகு 280 மில்லிமீட்டர் டிஸ்க் வந்தது. ஆக, உங்கள் வீட்டுப் பழைய 350க்கு மேலேறிப் போக இரண்டு படிகள் அதே குடும்பத்திலேயே இருக்கின்றன.

படியேறுவதற்கு முன்பு நிற்கும் படியைச் சரிசெய்ய வேண்டும் அல்லவா? அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

பழைய பிரேக் பிடிக்கவில்லை என்றதும் பலர் புது ஷூ வாங்கி மாட்டுகிறார்கள். பிறகும் பிடிக்கவில்லை. "பழைய வண்டி அப்படித்தான் சார்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை ஏற்காதீர்கள். குறை பெரும்பாலும் டிரம்மில் இருக்கும்.

பல வருஷம் ஓடிய டிரம் வட்டமாக இருக்காது. ஸ்போக் புதிதாகக் கட்டி முறுக்கும்போதும் அதன் இழுப்பில் டிரம் துளி கோணலாகும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் ரிம்மும் ஸ்போக்கும் கட்டி, கோட்டம் எடுத்து முடிக்க வேண்டும். பிறகு கட்டிய சக்கரத்தையே லேத்தில் ஏற்றி டிரம்மின் உள்பக்கத்தை மெல்லிசாகக் கடைந்து வட்டமாக்க வேண்டும். முதலில் டிரம்மைக் கடைந்துவிட்டு, பிறகு ஸ்போக் கட்டினால் கடைந்த வேலை வீண். எல்லா லேத் பட்டறையிலும் முழுச் சக்கரம் ஏறாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டிரம் ஏற்கெனவே அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் கடையாமல் மாற்றிவிடுவதே சரி.

அடுத்தது ஷூ. கடையில் வாங்கும் ஷூவின் வளைவும் உங்கள் டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை மாட்டிச் சுற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். லைனிங்கின் இரண்டு முனைகள் மட்டும் தொட்டால் பிரேக் கத்தும். நடுவில் மட்டும் தொட்டால் பிடி குறையும். முழு நீளமும் தொடும்வரை பொறுமையாகத் தேய்த்துப் பொருத்தும் மெக்கானிக் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதும், ஏர் பிடித்து அடிப்பதும் பட்டறையில் அன்றாடம் நடக்கிறது. ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வேலை கற்றுக்கொண்டு நிற்கும் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

பிறகு கேம். அது உட்காரும் புஷ் தேய்ந்திருந்தால் உங்கள் கைபலத்தில் ஒரு பகுதி அங்கேயே ஆடி வீணாகும். அடுத்து கேபிள். பழைய கேபிளின் வெளியுறை அமுங்கும், உள்கம்பி நீளும். லிவர் முழுக்க வந்துவிடும், ஷூ அசையாது. தரமான புதுக் கேபிளைக் கூர்மையான வளைவில்லாமல் ஓடவிடுங்கள். பிரேக் முழுசாகப் பிடிக்கும் நிலையில் கேம் லிவருக்கும் கேபிளுக்கும் இடையே ஏறக்குறைய 90 டிகிரி இருக்க வேண்டும். அந்தக் கோணத்தில்தான் கையின் பலம் முழுசாகப் போய்ச் சேரும். செலவே இல்லாத திருத்தம் இது. பார்த்துச் செய்ய ஆள்தான் வேண்டும்.

கடைசியாக, மிக முக்கியமாக, ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் அதை ஃபோர்க்கில் தடுத்து நிறுத்தும் இடம். அது சரியாக உட்காராவிட்டால், பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சுழன்று, கேபிளைச் சுருட்டி, முன் சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், பஞ்சர் போட்டு வந்த பிறகும்கூட, அந்த இடத்தை நீங்களே குனிந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்தாலே பழைய ஒற்றை லீடிங் ஷூ பிரேக் உங்களை ஆச்சரியப்படுத்தும். நகருக்குள் மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

அடுத்த படி: ட்வின் லீடிங் ஷூ

வாரக் கடைசியில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மகாபலிபுரம் வரை போகும் ஆசை உண்டா? அப்படியானால் ட்வின் லீடிங் ஷூவுக்குப் போகலாம். புல்லட்டின் எடை மட்டுமே 160 கிலோவுக்கு மேல். இரண்டு பெரியவர்கள் ஏறினால் மொத்தம் 300 கிலோவை நெருங்கிவிடும். அத்தனையையும் நிறுத்தும் பொறுப்பு அந்தச் சின்ன டிரம்முக்குப் போகிறது.

இந்த மாற்றத்தின் அழகு, வண்டியின் தோற்றம் கெடாது. டிரம் டிரம்மாகவே இருக்கும். ஸ்போக் சக்கரம் அப்படியே இருக்கும். தெருவில் பார்ப்பவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது, ஓட்டுபவரின் கைக்கு உடனே தெரியும். 500 மாடலின் ஹப்பும் பிரேக் பிளேட்டும் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் தேடினால் கிடைக்கக்கூடியவை. ஆனால் ஃபோர்க், அச்சு எல்லாம் உங்கள் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று சக்கரத்தை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

இதில் சரிபார்க்க வேண்டியது இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பி. இரண்டு ஷூவும் ஒரே சமயத்தில் டிரம்மைத் தொடும்படி அந்தக் கம்பியின் நீளத்தை அமைக்க வேண்டும். இது தவறினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும். இரண்டுக்குக் காசு கொடுத்து ஒன்றைப் பெற்றதாகிவிடும். "ட்வின் போட்டும் வித்தியாசமே தெரியலை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரு குணத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த பிரேக்கின் முழு பலமும் வண்டி முன்னோக்கி ஓடும்போதுதான். ஏற்றத்தில் நின்று, வண்டி பின்னால் உருளப் பார்க்கும்போது இரண்டு ஷூவையும் டிரம் இறுக்காமல் தள்ளிவிடப் பார்க்கும், பிடி குறைந்துவிடும். மேம்பாலத்து ஏற்றத்தில் நிற்கும்போது பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வேண்டுமா?

இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்க்கின் நன்மை உண்மையானது. டிரம்முக்குள் சூடு அடைபடும். மலையிறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் இளகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியவர்களுக்கு இது புரியும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் சில முறை பிடித்து உலர்த்தும்வரை பிரேக் நம் பேச்சைக் கேட்காது. டிஸ்க் சுழலும்போதே தண்ணீரை உதறிவிடும்.

சில வண்டிகளுக்கு டிஸ்க் போடுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ராஜ்தூத் 350ஐப் பாருங்கள். ஜப்பானில் யமஹா ஆர்டி 350 முன்பக்க டிஸ்க்கோடு வந்த வண்டி. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை இங்கே கொண்டுவந்தபோது முன்னாலும் டிரம் ஆனது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், முதலில் வந்த ஹை டார்க் மாடலில் 30 குதிரைத்திறன். அவ்வளவு வேகத்துக்கு அந்த டிரம் போதவில்லை என்பது அதை ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. ரீஸ்டோர் செய்யும்போது அதற்கு டிஸ்க் போடுகிறவர்கள், அந்த வண்டிக்கு முதலில் இருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆர்எக்ஸ் 100, யெஸ்டி மாதிரியான டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும் பிரேக்கைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் புல்லட்டின் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இழுவை மிகக் குறைவு. நிறுத்தும் சுமை முழுவதும் பிரேக்கின் தலையில்.

டிஸ்க் போடுவது என்று முடிவெடுத்தால், அரைகுறையாகச் செய்யாதீர்கள். டிஸ்க்கோடு வந்த மாடலின் ஃபோர்க், ஹப், அச்சு, டிஸ்க்கைக் கவ்வும் கேலிபர், லிவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுங்கள். ஒரு வண்டியின் கேலிபரையும் இன்னொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தால் இரண்டின் பிஸ்டன் அளவும் ஒத்துப்போகாது. மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் லிவர் கல்லாக இருக்கும், பிடி வராது. சிறிதானால் லிவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

பழைய ஃபோர்க்கில் ஒரு பட்டையை வெல்டிங் வைத்து கேலிபரைத் தொங்கவிடும் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 300 கிலோவை நிறுத்தும் விசையில் பெரும்பங்கு அந்த ஒரு பட்டை வழியாகத்தான் போகிறது. வெல்டிங் சூட்டில் உலோகம் எப்படி மாறியிருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. அது உடையும்போதுதான் தெரியவரும்.

டிஸ்க் வந்தால் பிரேக் ஆயிலும் வீட்டுக்கு வருகிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். புது டேங்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்டைத் தின்றுவிடும். ஊற்றும்போது டேங்கை மூடி வையுங்கள், பக்கத்தில் தண்ணீரும் துணியும் இருக்கட்டும்.

"ஒரிஜினல் கெட்டுப்போகுமே?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு பழைய வண்டியைத் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே காப்பாற்றி வைப்பது பெரிய காரியம். அரிய மாடல், கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டி என்றால், இருக்கும் பிரேக்கை முழுத் திறனுக்குக் கொண்டுவந்துவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் தனி விதிகள் வந்தன. 'விஏ' எழுத்துகளோடு எண் கிடைக்கும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. ஆகவே ஃபோர்க் வரை மாற்றப் போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.

ஆனால் நம் வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை அருங்காட்சியகத்துக்குப் போகப் போவதில்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மாமியார் ஊருக்கும் போகப் போகின்றன. ஓடப் போகும் வண்டிக்கு முதல் தகுதி என்ன? நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது. கழற்றிய பழைய ஹப்பையும் பிளேட்டையும் கிரீஸ் தடவி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளை உங்கள் பேரன் அசல் வடிவத்துக்குத் திரும்ப விரும்பினால், பெட்டியைத் திறந்து மாட்டிக்கொள்ளட்டும்.

பிரேக் மட்டும் போதுமா?

கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர் தரையைப் பிடிக்கும் அந்தச் சின்னத் தடம்தான். பல வருஷம் நின்ற வண்டியின் டயரில் பூ முழுசாக இருக்கலாம், ரப்பர் கட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருஷத்தையும் சொல்லும். அப்படி எண்ணே இல்லாத பழைய டயர் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பல பழைய வண்டிகளில் முன் பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. கால் பிரேக்குக்கு மட்டுமே எரியும். முன் பிரேக்கை நன்றாக்கிவிட்டு, நீங்கள் நிற்பதைப் பின்னால் வரும் லாரிக்குச் சொல்லாமல் விடலாமா? லிவரில் ஒரு சுவிட்ச் வைத்து வயரிங்கில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். மிகச் சின்னச் செலவு.

புது லைனிங்கும் புதுக் கடைசலும் ஒன்றோடொன்று பழகக் கொஞ்சம் ஓட்டம் தேவை. முதல் சில நாட்கள் கூட்டமில்லாத சாலையில், மிதமான வேகத்தில், மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டுங்கள். அதன் பிறகு மறுபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது அட்ஜஸ்ட்மென்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? புது பைக்கில் ஓட்டக் கற்ற பிள்ளைகளுக்கு வலது காலில் பிரேக், இடது காலில் கியர். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அமைதியான சாலையில் இது நினைவிருக்கும். ஒரு நாய் குறுக்கே ஓடிவரும் நொடியில் கால் தன் பழக்கத்துக்குப் போய்விடும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். அந்த நொடியில் காப்பாற்றக்கூடியது, எந்த வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த வலதுகை லிவர். அது உறுதியாக இருக்கட்டும்.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான மைதானத்துக்குப் போங்கள். நேராகப் போகும்போது முன் லிவரை முதலில் லேசாகப் பிடித்து, பாரம் முன்னால் இறங்கியதும் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். இருபதில் தொடங்கி முப்பது, நாற்பது என்று போகலாம். மணலில், திருப்பத்தில் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் நமக்குச் சொன்ன எச்சரிக்கையின் உண்மையான பகுதி அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். பயம் மட்டும் போகாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

செலவைப் பற்றி நினைப்பீர்கள். நியாயம்தான். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடித்துத்தான் இந்த ஆசையைத் தொடுகிறோம். டிரம் கடைசல், ஷூ, கேம் புஷ், கேபிள் எல்லாம் சேர்ந்தாலும் பெயின்டுக்கும் குரோமுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். டேங்கில் கையால் இழுக்கும் பொன்கோடு அடுத்த போனஸ் வரை காத்திருக்கலாம். பெயின்ட் இல்லாத டேங்கோடு வண்டி ஓடும். பிரேக் இல்லாமல் ஓடக் கூடாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வண்டியின் பின்சீட்டில் உட்காரப் போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். பெயின்ட் கலரைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். கூடவே நீங்களும் ஒன்று கேளுங்கள்: "முன் பிரேக்குக்கு என்ன செய்யப் போறீங்க?" பதில் தெளிவாக வரும்வரை விடாதீர்கள்.

மெக்கானிக் நண்பர்களுக்கும் அதே வேண்டுகோள். வாடிக்கையாளர் சைலன்சர் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பிரேக் பேச்சை நீங்கள் எடுத்தால்தான் உண்டு. "சார், வீல் கட்டினதும் டிரம்மைக் கடைஞ்சிடலாம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரிக்கு, அந்தக் குடும்பம் முழுவதும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கும்.

இந்த வருஷம் உங்கள் வீட்டில் ஒரு பழைய வண்டி பட்டறைக்குப் போகிறது என்றால், எஸ்டிமேட் தாளை வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் முன் பிரேக் இல்லையா? பேனாவை எடுத்து நீங்களே எழுதிக் கொடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குக் கீழே வரிசையாக வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்